மின்னொளி கபடியைப் படம் எடுப்பது எப்படி?

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் தை பிறந்ததும் சுவரொட்டிகள் முளைக்கத் தொடங்கிவிடும். ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ என்று கொட்டை எழுத்து, அதன் கீழே முதல் பரிசு, இரண்டாம் பரிசு, சுழற்கோப்பை, நன்கொடையாளர்களின் பெயர் வரிசை. பொங்கலில் தொடங்கும் இந்தப் போட்டிகள் பங்குனி, சித்திரை மாதக் கோயில் திருவிழாக்கள் வரை நீளும். மேலூர்ப் பக்கமானாலும் சரி, உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கமானாலும் சரி, இரவுச் சாப்பாட்டை முடித்த கையோடு ஊரே களத்தைச் சுற்றி வந்து உட்கார்ந்துவிடும். ஆட்டம் விடிய விடிய நடக்கும்.

அங்கே கேமராவுடன் முதல்முறை போகிறவர் வீட்டுக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் மூன்று வகைப் படங்கள்தான். ஆள் கலங்கிப்போன படம், முகம் இருண்ட படம், வேறு யாரோ ஒருவரின் முதுகில் ஃபோகஸ் விழுந்த படம். உடனே கேமராவை மாற்ற வேண்டும் என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். கபடியை நன்றாக அறிந்தவர் சாதாரணக் கேமராவில் எடுக்கும் படம், கபடி தெரியாதவர் லட்ச ரூபாய்க் கேமராவில் எடுப்பதை மிஞ்சிவிடும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேகமான எந்த ஆட்டத்திலும் உடல் ஒரு கணம் தயங்கி நிற்கும் இடங்கள் உண்டு. அந்த இடங்கள் எவை என்று தெரிந்துவிட்டால் பாதி வெளிச்சமே போதும். வெளிச்சம் எங்கே விழுகிறது, ஆட்டம் எங்கே தயங்குகிறது என்ற இரண்டையும் முன்கூட்டியே கண்டுகொள்ளும் வழியைத்தான் படிப்படியாகச் சொல்லப் போகிறேன்.

கிளம்பும் முன்

கையில் இருக்கும் பணத்தை முதலில் லென்ஸில் போடுங்கள். கேமராவோடு சேர்த்துத் தரும் 18-55 மி.மீ. லென்ஸை முழுவதும் நீட்டினால் அதன் துளை எஃப்/5.6 வரைதான் திறக்கும் (எஃப் எண் சிறியதாக இருந்தால் துளை பெரிது). 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். எஃப்/1.8-இல் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன் எண்) 3200 வைத்து எடுக்கும் படத்தை எஃப்/5.6-இல் எடுக்க ஐஎஸ்ஓ 32000 அளவுக்குப் போக வேண்டும் என்று பொருள். தொடக்கநிலைக் கேமராக்களில் அந்த எண்ணுக்குப் போனால் படம் முழுவதும் மணலை அள்ளித் தூவியது போலப் புள்ளிகள் நிறைந்துவிடும்.

ஏறக்குறைய எல்லா நிறுவனங்களுமே 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸைத் தங்கள் பட்டியலின் மலிவான லென்ஸ்களில் ஒன்றாக விற்கின்றன. பலரும் வைத்திருக்கும், ஏபிஎஸ்-சி எனும் சற்றுச் சிறிய சென்சார் கொண்ட கேமராவில் அதை மாட்டினால் 75 அல்லது 80 மி.மீ. லென்ஸின் பார்வை கிடைக்கும். களத்துக்கு ஓரமாக உட்கார்ந்து கபடி எடுக்க அதுவே கச்சிதம். அடுத்த படி 85 மி.மீ. எஃப்/1.8. பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் கையில் பார்க்கும் 70-200 எஃப்/2.8 அருமையான லென்ஸ்தான். ஆனால் விலையும் எடையும் அதிகம், எஃப்/1.8-உடன் ஒப்பிட்டால் வெளிச்சமும் பாதிக்கும் குறைவு. ஆசை இருந்தால் கல்யாணப் படம் எடுப்பவர்களிடம் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் லென்ஸ்கள் பெட்டியில் தூங்கும். மார்கழியில் வாங்கிப் பழகிக்கொண்டால் தைக்குக் கை தயாராக இருக்கும்.

ட்ரைபாட் வேண்டாம். ட்ரைபாட் நம் கை நடுக்கத்தை நிறுத்துமே தவிர, ஓடுகிறவரை நிறுத்தாது. கூட்டத்தில் யாராவது அதில் தடுக்கி விழவும் வாய்ப்பு உண்டு. கூடுதலாக ஒரு பேட்டரி, இரண்டு மெமரி கார்டு, தூசி ஊதும் ரப்பர் பந்து, மெல்லிய பருத்தித் துணி, சிறிய டார்ச், உட்கார ஒரு துண்டு. இவை போதும்.

முதல் பழக்கத்தைக் கபடிக் களத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு விடியற்காலையில் ஓட வருகிறவர்களில் தெரிந்த ஒருவரிடம் சொல்லிவிட்டு, விளக்கு வெளிச்சத்தில் அவர் நம்மை நோக்கி ஓடி வருவதைத் திரும்பத் திரும்ப எடுங்கள். நம்மை நோக்கி வருபவர் மீது ஃபோகஸ் நிற்கிறதா என்பதுதான் முதல் தேர்வு. தெருவிளக்கின் கீழ் கடந்து போகும் இருசக்கர வாகனங்களும் இதற்கு நல்ல பாடம்.

பொழுது சாயும் முன் போய்ச் சேருங்கள்

தை மாதத்தில் மதுரையில் மாலை ஆறேகால் வாக்கில் சூரியன் மறையும். ஐந்தரைக்கே களத்தில் இருந்தால் நல்லது. முதல் வேலை அனுமதி. மைக் செட் இருக்கும் பந்தலுக்கு நேராகப் போய் விழாக் கமிட்டியாரைப் பாருங்கள். மேலூர்ப் பக்கத்து ஊர்கள் சிலவற்றில் ஊர்த் தலைவரான அம்பலத்திடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை. “அண்ணே, நான் படம் எடுக்கப் பழகுகிறேன். கயிற்றுக்கு உள்ளே ஓரமாக உட்கார்ந்துகொள்ளட்டுமா? ஃபிளாஷ் போட மாட்டேன். எடுத்த படங்களை உங்களுக்கும் அனுப்புகிறேன்” என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அப்படியே நடுவர்களையும் பார்த்து, எங்கே உட்காரக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நடுக்கோட்டின் இரு முனைகளிலும் அவர்கள் நிற்பார்கள். அந்த இடங்கள் நமக்குக் கிடையாது.

ஃபிளாஷ் ஏன் கூடாது? முப்பது நொடியில் ஏழு பேருக்கு நடுவே போய்த் திரும்ப வேண்டிய ஒருவரின் கண்ணில் திடீரென்று வெளிச்சத்தை அடிப்பது ஆபத்து. ஆட்டத்தின் முடிவே அதனால் மாறலாம். கமிட்டி அனுமதித்தாலும் நீங்கள் போடாதீர்கள். கேமராவின் ஃபோகஸுக்கு உதவ முன்னால் எரியும் சிறிய விளக்கையும் மெனுவில் அணைத்துவிடுங்கள்.

இனி வெளிச்சத்தைப் படிக்க வேண்டும். களத்தைச் சுற்றிச் சவுக்குக் கம்பத்திலோ இரும்புக் குழாயிலோ ஃபோகஸ் லைட் கட்டியிருப்பார்கள். அவை எரிந்ததும் களத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். ஓரிடத்தில் நின்று, உள்ளங்கையைக் களத்தை நோக்கி முகத்தின் உயரத்துக்கு நீட்டிப் பாருங்கள். கையின் எந்தப் பக்கம் பளிச்சென்று இருக்கிறது, விரல்களின் நிழல் எங்கே விழுகிறது என்பதை வைத்து, ஆட்டக்காரரின் முகம் அந்த இடத்தில் எப்படித் தெரியும் என்று கணித்துவிடலாம். விளக்கு தலைக்கு நேர் மேலே இருந்தால் கண்குழிகள் இருண்டுவிடும். சாய்வாக, சற்றுத் தள்ளி இருந்தால் முகம் திறக்கும். விளக்கிலிருந்து இரண்டு மடங்கு தூரம் விலகினால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பது இயற்பியல். ஆகவே ஒரு மூலையில் ஒரு விளக்கு எரியாமல் இருந்தால் அந்த மூலையை நம்பி உட்காராதீர்கள்.

மண்ணையும் பாருங்கள். திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண் வெளிச்சத்தைக் குடித்துவிடும். செம்மண் களம் கொஞ்சம் திருப்பித் தரும், கூடவே தோலில் ஒரு சிவப்பையும் பூசும். விரிப்பு போட்டிருந்தால் அதன் நிறம் கீழிருந்து முகத்தில் ஏறும். தூசி அடங்கத் தண்ணீர் தெளித்த களத்தில் படம் தெளிவாக வரும். நேரம் ஆக ஆக மண் காய்ந்து தூசி கிளம்பும். அப்போது எதிர்ப்பக்க விளக்கு தூசியில் பட்டு அழகான படங்கள் கிடைக்கும். ஆனால் அந்தத் தூசியில் லென்ஸைக் கழற்றி மாட்டும் வேலை மட்டும் கூடவே கூடாது.

பிறகு இடம். ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பெண்கள் களம் 12க்கு 8. என் தேர்வு எப்போதும் களத்தின் ஒரு மூலை. நடுக்கோட்டைச் சாய்வாகப் பார்த்தபடி தரையில் உட்கார வேண்டும். அந்த மூலைக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. எதிரணி பாடி வரும்போது வருபவரின் முகம் நமக்கு நேராகத் தெரியும். நம் பக்கத்து அணியிலிருந்து பாடிப் போனவர் பிடியில் சிக்கித் திமிறும்போது, நடுக்கோட்டை நோக்கி, அதாவது நம்மை நோக்கியே, கையை நீட்டிக்கொண்டு வருவார். இடம் மாறாமலேயே இரண்டு வகைப் படமும் கிடைக்கும். நின்றுகொண்டு எடுத்தால் பின்னணி வெறும் மண். உட்கார்ந்து எடுத்தால் ஆட்டக்காரர் ஓங்கித் தெரிவார், பின்னால் ஊர்ச்சனத்தின் முகங்கள் வரும்.

பின்னணியில் எது வருகிறது என்பதையும் இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் களங்களில் ஃபிளெக்ஸ் பேனர் இல்லாத பக்கமே இருக்காது. பளீரென்று ஒளிரும் பெரிய முகங்கள் பின்னால் நின்றால், முன்னால் ஆடுகிறவரைப் பார்வை விட்டுவிடும். இரண்டடி நகர்ந்து உட்கார்ந்தாலே பேனர் போய், சுவரில் ஏறி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் பின்னணியாகிவிடுவார்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. களத்தின் இரு பக்கமும் ஒரு மீட்டர் அகலத்தில் லாபி எனும் ஓரப்பட்டை இருக்கிறது. பாடி வருபவரான ரைடரும் பிடிப்பவர்களும் ஒருவரையொருவர் தொட்டதும் லாபியும் களத்தில் சேர்ந்துவிடும். நான்கைந்து பேர் ஒன்றாக உருண்டு வெளியே வந்து விழுவது சாதாரணம். எல்லைக் கோட்டிலிருந்து மூன்று மீட்டராவது விலகி உட்காருங்கள். காலை நீட்டாதீர்கள், பையை முன்னால் வைக்காதீர்கள். உங்கள் லென்ஸ் ஒருவரின் பல்லைப் பதம் பார்க்கும்படி ஆகிவிடக் கூடாது.

கேமராவில் வைக்க வேண்டியவை

டயலை ‘எம்’ என்ற முழுக் கைமுறைக்குத் திருப்புங்கள். தானியங்கி முறைகள் இரவுக் களத்தில் குழம்பிவிடும். பின்னால் கறுப்பு வானம் வந்தால் கேமரா அதை வெளுக்கப் பார்க்கும், முகம் வெளிறிப்போகும். சட்டகத்துக்குள் ஒரு விளக்கு வந்துவிட்டால் எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். களத்தின் மேல் விழும் வெளிச்சமோ இரவு முழுவதும் மாறப்போவதில்லை. ஒருமுறை சரியாகக் கண்டுபிடித்து வைத்துவிட்டால் போதும்.

தொடங்குவதற்கு: ஷட்டர் 1/500 நொடி, துளை எஃப்/2, ஐஎஸ்ஓ 3200. முதல் ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடேற்றிக்கொண்டிருக்கும் ஆட்டக்காரர்களை இந்த அளவில் எடுத்து, திரையில் முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இருட்டாக இருந்தால் முதலில் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். 6400 வரை தயங்கவே வேண்டாம். ஷட்டரைக் குறைப்பது கடைசி வழி.

ஷட்டர் கணக்கை ஒருமுறை மனத்தில் பதிய வைத்துக்கொண்டால் பிறகு குழப்பமே வராது. ஒருவர் நொடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் குறுக்கே ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1/250 நொடியில் அவர் இரண்டு சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். 1/1000 நொடியில் அரை சென்டிமீட்டர்தான். முகம் இரண்டு சென்டிமீட்டர் நகர்ந்தால் கண்ணும் மூக்கும் கரைந்துவிடும். கையும் காலும் உடலைவிட வேகமாக வீசப்படும் என்பதால் 1/500-இல் விரல் நுனி சற்றுக் கலங்கும். அது கலங்கட்டும். முகம் கூர்மையாக இருந்து கை கலங்கினால் படத்துக்கு வேகம் வந்துவிடும்.

துளையை முழுவதும் திறப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப்/1.8-இல் வைத்து ஆறு மீட்டர் தூரத்தில் ஒருவரை எடுத்தால், முன்பின்னாகச் சுமார் ஒரு மீட்டர் ஆழத்துக்குத்தான் கூர்மை இருக்கும். எஃப்/2.8-இல் அது ஏறக்குறைய ஒன்றரை மீட்டருக்கு நீளும். ரைடரும் அவர் காலைப் பிடித்தவரும் சேர்ந்து கூர்மையாக வர வேண்டுமென்றால் இந்த வேறுபாடு பெரிது. வெளிச்சம் நன்றாக இருக்கும் களத்தில் எஃப்/2.5 பக்கம் போய்விடுவேன்.

நம் ஆட்டக்காரர்களின் தோல் நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கறுத்த முகத்தில் வியர்வை மின்னும்போது, அந்த மினுக்கத்தைப் பார்த்துப் பயந்து வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறார்கள். ‘கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாம்’ என்று நினைத்து எடுத்த இருண்ட முகத்தைப் பிறகு வெளுக்க வைத்தால், புள்ளிகளும் பச்சைத் திட்டுகளும்தான் கிளம்பும். முகம் களத்திலேயே முகமாகத் தெரியும்படி எடுங்கள். நெற்றியில் ஒரு வியர்வைத் துளி வெள்ளையாகப் போனால் போகட்டும். ஆட்டக்காரரைச் சாம்பல் நிறமாக்கி வெளுப்பு காட்டுவதும் தவறு, அடையாளம் தெரியாமல் இருட்டில் விடுவதும் தவறு. அவர் வீட்டார் பார்த்தால் ‘இது நம் பிள்ளை’ என்று சொல்லும் நிறம்தான் சரியான நிறம்.

ஃபோகஸைத் தொடர் ஃபோகஸில் வையுங்கள். நிக்கான், சோனி கேமராக்களில் ஏஎஃப்-சி, கேனானில் ஏஐ சர்வோ அல்லது சர்வோ ஏஎஃப் என்றிருக்கும். டிஎஸ்எல்ஆர் என்றால் நடுப்புள்ளியையே பயன்படுத்துங்கள். மங்கலில் நன்றாக வேலை செய்வது பெரும்பாலும் அதுதான். புள்ளியைப் பனியனில் அச்சிட்ட எண்ணின் மேல் வையுங்கள். எண்ணின் விளிம்பு அழுத்தமாக இருப்பதால் ஃபோகஸ் சட்டென்று பிடிக்கும். நெஞ்சும் முகமும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருப்பதால் முகமும் தெளிவாக வரும். புதிய மிரர்லெஸ் கேமராக்களின் முகம் கண்டறியும் வசதி நல்லதுதான், ஆனால் பின்னால் ஐந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும்போது அது கூட்டத்து முகத்துக்குத் தாவக்கூடும். தேடும் பரப்பைச் சிறியதாக்கிவிட்டால் இந்தத் தொல்லை குறையும்.

வெள்ளையை வெள்ளையாகவே காட்டும் வெண்மைச் சமநிலை அமைப்பையும் தானியங்கியில் விடாமல், ஒரு வெள்ளைக் காகிதத்தைக் களத்து வெளிச்சத்தில் பிடித்து எடுத்து அதை வைத்து அமைத்துவிடுங்கள். கமிட்டியார் வேட்டியை வைத்து அமைக்கலாமே என்று தோன்றும். நீலம் போட்டுத் துவைத்த வேட்டி ஏமாற்றிவிடும். கோப்பு வடிவம், சென்சாரில் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ‘ரா’வாக இருக்கட்டும்.

விளக்கின் துடிப்பு

ஒரே அளவில் தொடர்ந்து ஐந்து படம் எடுத்திருப்பீர்கள். ஒன்று பளிச், ஒன்று மங்கல், ஒன்று மஞ்சள், ஒன்றில் மேல்பாதி மட்டும் இருட்டு. கேமரா பழுதாகிவிட்டதோ என்று பதற வேண்டாம். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று ஓடுகிறது. அதனால் மெட்டல் ஹாலைடு, டியூப்லைட், மலிவான எல்இடி போன்ற விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. கண்ணுக்கு அது தெரியாது. 1/100 நொடி ஷட்டர் என்றால் ஒரு முழு ஏற்ற இறக்கமும் உள்ளே வந்துவிடும், எல்லாப் படமும் ஒன்று போல இருக்கும். 1/500 என்றால் அதில் ஐந்தில் ஒரு துண்டுதான் சிக்கும். அது உச்சியா பள்ளமா என்பது அந்தந்த நேரத்து அதிர்ஷ்டம்.

ஆட்டம் தொடங்கும் முன் ஒரு வெள்ளைச் சுவரையோ பேனரின் பின்பக்கத்தையோ 1/500-இல் தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுத்துப் பாருங்கள். எல்லாம் ஒன்று போல இருந்தால் நல்ல எல்இடி கட்டியிருக்கிறார்கள், கவலை இல்லை. மாறி மாறி இருந்தால் கேமரா மெனுவில் துடிப்பைச் சரிசெய்யும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். கேனான் 2014-இல் வெளியிட்ட 7டி மார்க் 2 முதல் இந்த வசதி பல கேமராக்களில் வந்துவிட்டது. விளக்கின் உச்சிக்காக ஒரு நொடித்துண்டு காத்திருந்து ஷட்டரைத் திறக்கும். அந்த வசதி இல்லாவிட்டால் ஒரு படத்துக்குப் பதில் நான்காக எடுத்துத் தேர்ந்துகொள்வதுதான் வழி. மிரர்லெஸ் கேமராவில் சத்தமில்லாத மின்னணு ஷட்டரை இங்கே பயன்படுத்தாதீர்கள். பட்டை பட்டையாகக் கோடு விழும்.

மின்சாரம் போய்விட்டால் எல்இடி உடனே திரும்பி எரியும். மெட்டல் ஹாலைடு அப்படி இல்லை. ஆறி, மறுபடி சூடேறி முழு வெளிச்சம் தரப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகலாம். பாதி வெளிச்சத்திலேயே ஆட்டத்தைத் தொடங்கிவிட்டால் உங்கள் அளவுகளை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்டத்தைப் படிப்பது

முதல் ஆட்டத்தில் கேமராவை மடியில் வைத்துவிட்டு வெறுமனே பாருங்கள். இதை வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் பலர் செய்யாமல் விடுவது இதைத்தான். எந்த ரைடர் எந்தப் பக்கமாக நுழைகிறார், எந்தக் கையை நீட்டுகிறார், எந்த மூலைக்காரர் (மூலையில் நின்று பிடிப்பவர்) கணுக்காலுக்குப் பாய்கிறார் என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டக்காரர்கள் பழக்கத்துக்கு அடிமைகள். இடப்பக்கம் நுழைந்து பழகியவர் நெருக்கடியில் மறுபடியும் இடப்பக்கமே போவார்.

ஒரு ரைடுக்கு முப்பது நொடி. அதில் எங்கெங்கே உடல் தயங்குகிறது என்று பார்ப்போம். நடுக்கோட்டைத் தாண்டியதும் ரைடர் ஓடுவதில்லை, அளக்கிறார். முழங்கால் மடங்கி, ஒரு கை முன்னால், கண் மூலைக்காரரின் காலில். இது அசைவு குறைந்த நேரம். 1/250-கூடப் போதும். அடுத்தது, ஆண்கள் களத்தில் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் இருக்கும் பாக் லைன் என்ற கோட்டைத் தாண்டி, இன்னும் ஒரு மீட்டர் உள்ளே இருக்கும் போனஸ் லைனுக்குக் காலை நீட்டுவது. எதிரே ஆறு பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் போனஸ் புள்ளி கிடைக்கும். ஆகவே ஆட்களை எண்ணிக்கொண்டே இருங்கள். ஏழு பேர் நின்றால் ரைடர் போனஸுக்குப் போக வாய்ப்பு அதிகம். போனஸ் எடுக்கும் கணத்தில் ஒரு கால் கோட்டைத் தாண்டித் தரையில் ஊன்றியிருக்கும், மற்றொரு கால் அந்தரத்தில் நிற்கும். மொத்த உடலும் அந்த ஒற்றைக் காலில் சமநிலை தேடும் அந்தக் கண்ணிமைப்பொழுது ஒரு சின்ன நிறுத்தம். அங்கே விரல் தயாராக இருக்க வேண்டும்.

மூன்றாவது, பிடி. மூலைக்காரர் பாய்ந்து கணுக்காலைப் பிடித்ததும் மற்றவர்கள் மேலே விழுவதற்குள் ஒரு இடைவெளி உண்டு. ரைடரின் முகம் திரும்பும், பிடிபட்ட காலைப் பார்ப்பார், உடனே நடுக்கோட்டைப் பார்ப்பார். இந்த இரண்டு பார்வைக்கும் நடுவில்தான் கபடியின் சிறந்த முகங்கள் இருக்கின்றன. அதற்குப் பிறகு எல்லாரும் மேலே விழுந்துவிடுவார்கள், படம் வெறும் முதுகுக் குவியல். விசில் ஊதும் வரை காத்திருந்தால் அது போய்விடும்.

நான்காவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இருவர் இடுப்பையும் தொடையையும் கட்டிப் பின்னுக்கு இழுக்க, ரைடர் மண்ணில் நெஞ்சு உரச, விரல்களை விரித்து நடுக்கோட்டை எட்டப் பார்ப்பார். இழுப்பும் எதிர் இழுப்பும் சமமாகி, மூன்று பேரும் அப்படியே உறைந்து நிற்கும் தருணம் அது. கழுத்து நரம்பு புடைத்திருக்கும், வாய் இன்னும் ‘கபடி கபடி’ என்று முனகிக்கொண்டிருக்கும், விரல் நுனிக்கும் சுண்ணாம்புக் கோட்டுக்கும் நடுவில் நாலு விரற்கடை மண் மட்டும் இருக்கும். அசைவு ஏறக்குறைய இல்லாததால் ஷட்டரை 1/250-க்கு இறக்கி, ஐஎஸ்ஓவைப் பாதியாக்கிச் சுத்தமான படம் எடுக்கலாம். சட்டகத்தில் முகம், கை, கோடு மூன்றும் இருக்க வேண்டும். கோடு இல்லாவிட்டால் அது யாரோ ஒருவர் கீழே விழுந்து கிடக்கும் படமாகிவிடும்.

காதையும் பயன்படுத்துங்கள். பாட்டின் வேகம் கூடினால் ரைடர் பாயப் போகிறார். தொடர்ந்து இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பிய அணி, மூன்றாவது முறை புள்ளி எடுத்தே தீர வேண்டும் என்ற விதி பல போட்டிகளில் உண்டு. மைக்கில் அறிவிப்பாளர் அதைச் சொன்னதும் கேமராவைக் கண்ணில் வைத்துவிடுங்கள். ஏதாவது நடந்தே தீரும்.

ஷட்டர் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். ‘ரா’ கோப்பில் கேமராவின் தற்காலிக நினைவகம் சீக்கிரம் நிரம்பிவிடும். முக்கியமான கணத்தில் கேமரா படங்களை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மூன்று அல்லது நான்கு படம், விடுங்கள், மறுபடி மூன்று.

ஒவ்வொரு ரைடுக்கும் படம் எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. புள்ளி கிடைத்ததும் தொடையைத் தட்டுகிறவர், வெளியே உட்கார வைக்கப்பட்டு மறுபடி உள்ளே வரக் காத்திருக்கும் ஆட்டக்காரரின் முகம், அரைநேர இடைவேளையில் சுற்றி நின்று திட்டும் பயிற்சியாளர். இவையெல்லாம் வேகமில்லாத, வெளிச்சம் போதுமான படங்கள். ஐந்து நிமிட இடைவேளையில் திரையைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் எழுந்து போய் இவற்றை எடுங்கள்.

கைபேசி மட்டும் இருந்தால்

இரவு முறையை அணைத்துவிடுங்கள். அது பல படங்களை அடுக்கி ஒன்றாக்குவது, ஓடுகிறவர் கரைந்துபோவார். புரோ முறையில் முதன்மைக் கேமராவை மட்டும் வைத்து ஷட்டரை 1/250 ஆக்குங்கள். ஜூம் செய்யாமல் அருகில் போங்கள். மேலே சொன்ன உறைந்து நிற்கும் தருணங்கள்தான் கைபேசிக்குச் சரியான இலக்கு.

இதே வழிமுறை மற்ற ஆட்டங்களுக்கும் பொருந்தும். மின்னொளி வாலிபாலில் அடிப்பவர் உச்சிக்கு எழும்பி இறங்கத் தொடங்கும் முன்பான கணம். ஹாக்கியில் தயக்கம் குறைவு, தூரம் அதிகம். அங்கே நீண்ட லென்ஸ் இல்லாமல் முடியாது. ஜல்லிக்கட்டு பகல் ஆட்டம் என்றாலும் அவனியாபுரத்தில் தை மாத அதிகாலை மங்கலிலேயே காளைகளும் கூட்டமும் வரிசைகட்டத் தொடங்கிவிடுவதால், அந்த முதல் ஒரு மணி நேரத்துக்கு இங்கே சொன்ன அளவுகள் உதவும்.

வீட்டுக்கு வந்த பிறகு

தூங்கப் போகும் முன் கார்டில் உள்ளதை இரண்டு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். மறுநாள் தேர்வு செய்யும்போது கடுமையாக இருங்கள். முதலில் முகம் கூர்மையாக இல்லாததை நீக்குங்கள். பிறகு முகம் இருந்தும் ஆட்டம் இல்லாததை நீக்குங்கள். மிஞ்சுவது கொஞ்சமாகத்தான் இருக்கும், அதுதான் இயல்பு. புள்ளிகளைக் குறைக்கும் மென்பொருளைப் பாதி அளவுக்கு மேல் நகர்த்தாதீர்கள். தோலில் ஒட்டிய மண்ணும் வியர்வையும் அழிந்து முகம் மெழுகாகிவிடும். கொஞ்சம் புள்ளி இருப்பது இரவுப் படத்துக்குக் குறையே இல்லை.

ஒவ்வொரு கோப்பிலும் ஊர், தேதி, இரு அணிகளின் பெயர், தெரிந்தால் ஆட்டக்காரரின் பனியன் எண் ஆகியவற்றை அப்போதே எழுதிவிடுங்கள். ஒரு மாதம் கழித்து எல்லாக் களமும் ஒன்று போலத் தெரியும். பிறகு கமிட்டியாருக்கும் அணித் தலைவர்களுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், ஆவணமாக இணைத்து அனுப்பினால் முழு அளவில் போகும். பெண்கள் அணியின் படங்களையும் பள்ளிப் பிள்ளைகளின் படங்களையும் பொதுவில் போடும் முன் அவர்களிடமோ பயிற்சியாளரிடமோ பெற்றோரிடமோ கேட்டுவிடுங்கள். உடை விலகிய, அடிபட்டு அழுகிற படங்களை யாருக்கும் அனுப்பாமல் நீக்கிவிடுங்கள். நல்ல படம் ஒன்றிரண்டை 8க்கு 12 அங்குல அளவில் பிரிண்ட் போட்டு, அடுத்த போட்டிக்குப் போகும்போது அந்த ஊரில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒளிரும் திரையில் தெரிவதைவிடத் தாளில் படம் சற்று இருண்டு தெரியும் என்பதால், கடைக்காரரிடம் முகத்தை மட்டும் கொஞ்சம் வெளுப்பாக எடுக்கச் சொல்லுங்கள்.